தலையில்லாத படம்

டெய்லரக்காவை வேறு எப்படியும் யாரும் கூப்பிட்டதில்லை. அவளைவிடப் பத்து வயது மூத்த சாவிக் கடைக்காரரே மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு, "டெய்லரக்கா, உங்களுக்குப் பார்சல் வந்திருக்கு" என்றுதான் கத்துவார். அதில் அவளுக்குக் கோபம் உண்டு. ஆனால் அவளுக்குக் கோபம் வராத விஷயம் எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். துணியை இழுத்துப் பார்ப்பவர்கள் மேல் கோபம், "ஒரு தையல்தானே, நின்னு வாங்கிட்டுப் போறேன்" என்பவர்கள் மேல் கோபம், ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனிகள் மேல் ஒட்டுமொத்தமாகக் கோபம்.

"உலகத்துல எல்லாருக்கும் ரெண்டு தோளும் ஒரே உசரத்துல இருக்குன்னு இவங்களுக்கு எவன் சொன்னான்?" என்பாள்.

அந்தக் கோபமே பிழைப்பாகவும் அமைந்துவிட்டது. ரெடிமேட் பொருந்தாதவர்களுக்குத்தான் அவள் தைத்தாள். ஒரு தோள் இறங்கியவர்கள், முதுகு வளைந்தவர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு மார்பில் ஒரு பக்கம் தட்டையானவர்கள், ஒரு கை மெலிந்தவர்கள். மற்ற டெய்லர்கள் நாலு பேர் திரும்பிப் பார்க்கத் தைப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கத் தைக்கிறவள் இவள் ஒருத்திதான். அதற்காகவே வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் அவளைத் தேடிப் பிடித்தார்கள்.

அளவு நாடாவை அவள் நம்புவதில்லை. டெய்லர் இப்படிச் சொன்னால் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் சொல்லும் காரணத்தைக் கேட்டால் சரி என்று படும். "டேப்பைக் கையில எடுத்ததுமே வயித்தை எக்கிக்கறாங்க, முதுகை நிமித்திக்கறாங்க. அந்த அளவுக்குத் தச்சா சட்டை போட்டிருக்கிற நேரம் பூரா மூச்சு விடாமத்தான் இருக்கணும்." அதனால் அவளுக்குப் படங்கள் வேண்டும். உடம்பை ஒட்டிய பனியன் போட்டுக்கொண்டு, மூடிய கதவின் முன்னால் நின்று, முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று படங்கள். கதவின் விளிம்பு நேர்கோடாக இருப்பதால், உடம்பு எந்த இடத்தில் எவ்வளவு விலகுகிறது என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். படங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வாள். அச்செடுத்து, மேலே ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, அதிலிருந்து காகிதத்தில் வெட்டுவாள்.

முறை என்னவோ நல்ல முறைதான். படம் எடுப்பவர்கள்தான் அவள் உயிரை வாங்கினார்கள். ஒருத்தி கம்பளி ஸ்வெட்டரோடு நின்று எடுத்து அனுப்பினாள். ஒருவர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இன்னொருத்தி கண்ணாடி முன் நின்று எடுத்ததில் முகத்துக்குப் பதில் வெளிச்சப் பொட்டும், இடுப்புக்குப் பதில் பூனையும் விழுந்திருந்தன. முக்கால்வாசிப் பேர் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். "பொண்ணு பாக்கவா கேட்டேன் நான்?" என்று கம்ப்யூட்டரிடம் சண்டை போடுவாள் டெய்லரக்கா. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், படம் எடுப்பது எப்படி என்று கம்ப்யூட்டரில் ஒரு பக்கமாகத் தானே எழுதி, மாதிரிப் படங்களையும் சேர்த்து, புதிதாக வருகிற எல்லாருக்கும் அனுப்ப ஆரம்பித்தாள்.

அந்த மாதிரிப் படங்களில் இருந்தவர் கணக்கு டீச்சர்.

கணக்கு டீச்சர் அவளிடம் வந்து பல வருஷம் ஆகிறது. வந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. முதலில் அவருடைய மின்னஞ்சல்தான் வந்தது. நாலு தெரு தள்ளி இருப்பவர், நேரில் வராமல் வெளியூர்க்காரர் மாதிரி எழுதியிருந்தார். தன் முதுகெலும்பு சின்ன வயதிலிருந்தே வளைந்தது என்றும், வலது பக்கம் தோள்பட்டை எலும்பு மேடாக எழும்பி நிற்கிறது என்றும், நாள் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்து நிற்கிற வேலை என்பதால் நாற்பது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: படங்கள் உங்களோடு இருக்கட்டும்.

"என்னோடதான் இருக்கும்" என்று டெய்லரக்கா பதில் போட்டாள்.

முதல் சட்டை தயாரானதும் டீச்சர் ஆள் அனுப்பித்தான் வாங்கிக்கொண்டார். மறுநாள் மாலை அவரே மாடியேறி வந்தார். புதுச் சட்டையைப் போட்டிருந்தார். திரும்பி நின்று முதுகைக் காட்டினார். வளைவு எங்கே போனது என்று தைத்தவளுக்கே தேடத்தான் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து டீச்சர் அவளிடம்தான் தைத்துக்கொண்டார். வயது ஏற ஏற வளைவும் மாறும் என்பதால், அவ்வப்போது வீட்டில் கதவு முன்னால் நின்று, போனில் டைமர் வைத்துத் தானே எடுத்துப் புதுப் படங்கள் அனுப்புவார். அவர் நிற்பதுபோல நிற்க யாராலும் முடியாது. எக்குவதில்லை, நிமிர்வதில்லை, சிரிப்பதில்லை. உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டு நிற்பார்.

மாதிரிக்கு அதைவிட நல்ல படம் கிடைக்குமா? டெய்லரக்கா யோசிக்காமல் ஒன்றும் செய்துவிடவில்லை. முகம் தெரியக் கூடாது என்பதில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை செய்தாள். தங்கையிடம் கற்றுக்கொண்ட பாடத்தை வைத்து, மூன்று படங்களிலும் கழுத்துக்கு மேலே இருப்பதைச் சுத்தமாக வெட்டினாள். தலை போனது. மிச்சம் இருந்தது ஒரு பனியன், ஒரு வளைந்த முதுகு, ஒரு கதவு. அது யாராகவும் இருக்கலாம். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு வந்தவர்கள் கூச்சத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் நின்றார்கள். "நமக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சிட்டிருந்தேங்க" என்று ஒருத்தி எழுதியே இருந்தாள். டெய்லரக்காவுக்கு அன்று முழுக்கக் கோபமே வரவில்லை.

பஸ் ஓட்டுகிற ஓர் அம்மா போனில் கூப்பிட்டதுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. வருஷக்கணக்கில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு தோள் இறங்கிப்போய், சீருடைச் சட்டை ஒரு பக்கம் தொங்குகிறது என்று அந்த வாரம்தான் எழுதியிருந்தார். டெய்லரக்கா வழக்கம்போல அந்தப் பக்கத்தை அனுப்பியிருந்தாள்.

"படம் எடுத்துட்டீங்களா? வீட்டுல கதவு இருக்கில்ல?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள் டெய்லரக்கா.

"கதவெல்லாம் இருக்குங்க. இது வேற விஷயம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க அனுப்பின படத்துல இருக்கிறவங்க, எங்க பையனோட கணக்கு டீச்சர்தானே?"

"அதுல தலையே இல்லையே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று டெய்லரக்காவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்குங்க" என்றாள் பஸ்காரம்மா தயங்கி. "கையை எப்படி வெச்சிருக்காங்கன்னு பெருசாப் பாக்கலாம்னு படத்து மேல ரெண்டு தட்டு தட்டினேன். ஓரத்துல கறுப்புக் கறுப்பா கோடு வந்துச்சு. என்னடான்னு மேல இருந்ததைப் பிடிச்சு இழுத்தேன். தலை வந்துடுச்சு."

டெய்லரக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலீங்க. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. பையனுக்குத் தெரியவே தெரியாது. நான் அழிச்சிட்டேன். ஆனா வேற யாராவது பாத்து நாலு பேர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்ல." அதோடு போனை வைத்திருக்கலாம். நல்ல மனசு, வைக்க மாட்டேன் என்றது. "பேரண்ட்ஸ் மீட்டிங்ல எத்தனையோ தடவை அந்த டீச்சரைப் பாத்திருக்கேன். அவங்களுக்கு முதுகு இப்படின்னு சத்தியமா எனக்குத் தெரியாது. உங்க கைவேலை அப்படி."

பாராட்டுத்தான். டெய்லரக்காவுக்கு அது கன்னத்தில் அறையாக விழுந்தது.

போனை வைத்துவிட்டு கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். படத்தின் மேல் இரண்டு தட்டு. கறுப்புக் கோடுகள் வந்தன. மேலே இருந்ததைப் பிடித்து இழுத்தாள். கழுத்து வந்தது, தாடை வந்தது, பிறகு டீச்சரின் முழு முகம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தார். டைமரின் சத்தத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்கிற முகம். வெறுமையாக, கூசிச் சுருங்கி, எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. தலையை வெட்டின அன்று இந்த முகத்தை டெய்லரக்கா நின்று பார்க்கவே இல்லை. வெட்டப் போகிற துண்டை யார் பார்ப்பார்கள்?

அவளுக்குத் தெரிந்த வெட்டு என்றால் வெட்டுத்தான். கத்திரி ஓடிவிட்டால் துணி போனது போனதுதான். இந்தச் சனியன் பிடித்த பெட்டி வெட்டவே இல்லை. சட்டையின் ஓரத்தை மடித்து உள்ளே தைப்பாளே, அப்படி மடித்து வைத்திருந்திருக்கிறது. யார் பிரித்தாலும் பிரியும்.

தலையோடு சேர்த்து எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பழைய மின்னஞ்சல்களைத் தேடினாள். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அதைவிட அதிகம். பாதிப் பேர் இதே ஊர். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் விரல் மட்டும் ஓடியது. உட்கார்ந்த சூட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதித் தள்ளினாள்: 'நான் அனுப்பிய மாதிரிப் படங்களில் ஒரு தவறு நடந்துவிட்டது. தயவுசெய்து உடனே அழித்துவிடுங்கள்.'

பதில்கள் வந்தன. 'அழித்துவிட்டேன்' என்று சிலர். 'எந்தப் படம்?' என்று ஒருவர். பெரும்பாலோரிடமிருந்து பதிலே இல்லை. ஒருத்தி மட்டும், 'என்ன தவறு? இப்போது திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?' என்று எழுதினாள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று டெய்லரக்கா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து இன்னொன்று வந்தது. அதில் ஒரே ஓர் எழுத்துதான் இருந்தது.

'ஓ.'

அந்த ஓர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே டெய்லரக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் தங்கை சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் மேலே ஏறி வந்தபோதும் அப்படியேதான் இருந்தாள்.

தங்கை எல்லாவற்றையும் கேட்டாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அழிச்சிடுங்க, தப்பு நடந்துடுச்சுன்னு எழுதினா யார்க்கா அழிப்பா? முதல்ல போய்ப் பாக்க மாட்டாங்களா? நானா இருந்தா பாத்திருப்பேன்."

"நீ பாப்பே. ஊர் வம்புல பாதி உன் மேசையிலதானே பொறக்குது."

"என் மேல பாயாதே. வெட்டினது நீ."

"வெட்டச் சொல்லிக் குடுத்தது நீ. வெட்டினா போயிடும்னு சொன்னியா இல்லையா?"

"எனக்கும் அப்படித்தான் தெரியும்" என்றாள் தங்கை. குரல் இறங்கிவிட்டது. "எங்க ஆஸ்பத்திரியில நோயாளியோட பேரையும் வியாதியையும் சேத்து வராந்தா பூரா கேக்கிற மாதிரிக் கூப்பிடறோம். நான் எங்க போய் இதெல்லாம் தெரிஞ்சுக்கிறது? சரி விடு. இனிமே அந்தப் படத்தை எடுத்துடு. வேற படம் போடு."

"அதை எடுத்தாச்சு. டீச்சர்கிட்ட என்னன்னு சொல்றது?"

தங்கை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எதுக்குச் சொல்லணும்?"

"சொல்ல வேணாமா?"

"யோசிச்சுப் பாரு. சொன்னா நிம்மதி உனக்கு. சொல்லாம விட்டா நிம்மதி அவங்களுக்கு. இதுல யாரோட நிம்மதி பெரிசு?"

தங்கை சொன்னதில் ஞாயம் இருந்தது. அதுதான் டெய்லரக்காவை வாட்டியது. பாவத்தைத் தூக்கி அடுத்தவர் தலையில் இறக்கிவிட்டு, தான் லேசாக வீட்டுக்குப் போவதற்குப் பெயர் நேர்மையா? டீச்சருக்குத் தெரியாத வரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. தெரிந்துவிட்டால் அப்புறம் தெருவில் எதிரே வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவள் பார்த்திருப்பாளோ, இவன் பார்த்திருப்பானோ என்று யோசித்துக்கொண்டே நடப்பார். அந்தத் தண்டனையை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

சனிக்கிழமை டீச்சர் ட்ரையலுக்கு வருவதாக இருந்தது. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்கிறார். மேடையில் நின்று பெற்றோர்களிடம் பேச வேண்டும். "முன்னாடி இருக்கிறவங்களைப் பத்திக் கவலையில்ல. பின்னாடி நாற்காலி போட்டு வரிசையா உக்காந்திருப்பாங்க" என்று சொல்லித்தான் சட்டைக்குத் துணி கொடுத்திருந்தார். வெளிர் நீலம், முழுக்கை. முதுகில் இரண்டு மடிப்பு வைத்து, வலது மடிப்பை மட்டும் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தாள் டெய்லரக்கா. அவள் தைத்ததிலேயே நல்ல முதுகு அதுதான்.

அந்த முதுகை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குப் பெற்றோர் கூட்டம் ஞாபகம் வந்தது. டீச்சர் தன் வாயால் ஒருமுறை சொல்லியிருந்தார். கூட்டத்துக்கு முன்னாலேயே வகுப்புக்குப் போய், தன் நாற்காலியை நகர்த்தி, வலது பக்கம் சுவரோடு ஒட்டுகிற மாதிரிப் போட்டுக்கொள்வாராம். எழுந்திருக்கும்போது முதலில் பெற்றோரை அனுப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பாராம். இனி அவர் அதையெல்லாம் பஸ்காரம்மாவின் முன்னால் செய்வார். நாற்காலியை நகர்த்துவார், பக்கவாட்டில் உட்காருவார், கடைசியாக எழுந்திருப்பார். எல்லாவற்றையும் பார்த்த பஸ்காரம்மா, எதையும் பார்க்காத மாதிரி எதிரே உட்கார்ந்திருப்பாள். அந்த 'ஓ' போட்டவளுக்குப் பிள்ளை இருக்கிறதோ என்னவோ. இருந்தால் அவளும் உட்கார்ந்திருப்பாள்.

அதை டெய்லரக்காவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தங்கை சொன்ன நிம்மதி, டீச்சரை நடுவில் நிற்க வைத்துவிட்டுச் சுற்றி எல்லாரும் சேர்ந்து நடிக்கிற நாடகம். முதுகு அவருடையது. அதை யார் பார்த்தார்கள் என்ற கணக்கும் அவரிடம்தான் இருக்க வேண்டும். அவரை நிம்மதியாக வைத்திருக்க நாம் யார்?

சனிக்கிழமை மதியம் டீச்சர் வந்தார். குடையை மூலையில் சாய்த்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"சாவிக் கடைக்காரர் என்னைப் பாத்து 'டெய்லரக்கா இருக்காங்களா'ன்னு கேக்கறார். கீழ இருக்கிறவருக்கு நீங்க மேல இருக்கீங்களான்னு நான் சொல்லணுமாம்" என்று சிரித்தார். நீலச் சட்டை ஹேங்கரில் தொங்குவதைப் பார்த்து, "இதுவா? நல்லா வந்திருக்கே" என்று கிட்டே போனார்.

"டீச்சர், அதைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

டீச்சர் உட்கார்ந்தார். டெய்லரக்கா நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மாதிரிப் படம் என்று உங்கள் படத்தை வைத்தேன், தலையை வெட்டினேன், வெட்டியது வெட்டுப்படவில்லை, பலருக்குப் போய்விட்டது, ஒருத்தருக்கு உங்களை அடையாளம் தெரிந்துவிட்டது, அவர் உங்கள் வகுப்புப் பையனின் அம்மா, இன்னொருத்தியும் முகத்தைப் பார்த்துவிட்டாள், அது நான் அவசரப்பட்டு எழுதியதால். மென்று விழுங்காமல் கடைசி வரை சொல்லி முடித்தாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

டீச்சர் கேட்டார்: "எந்தப் படம்? முன்பக்கமா?"

"மூணும்."

"பின்பக்கமுமா?"

டெய்லரக்கா தலையை ஆட்டினாள்.

"அதை நானே ஒரே ஒரு தடவைதான் பாத்தேன்" என்றார் டீச்சர், மெதுவாக. "சரியா விழுந்திருக்கான்னு பாத்தேன். உங்களுக்கு அனுப்பினேன். உடனே என் போன்ல இருந்து அழிச்சிட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

கீழே சாவியை அரத்தால் ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டெய்லரக்காவுக்கு ஓ என்று அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் டீச்சர் தன்னைத் தேற்ற வேண்டி வருமே என்று அடக்கிக்கொண்டாள்.

"தலையை வெட்டணும்னு உங்களுக்குத் தோணிச்சு" என்றார் டீச்சர். கோபமே இல்லாமல், கரும்பலகையில் அடுத்த வரிக்குப் போகிற மாதிரி கேட்டார். "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

தோணலை என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். மறதி, வேலை மும்முரம், தலைக்கு மேல் வேலை என்று எத்தனையோ இருந்தன. டெய்லரக்கா அந்த வழியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள்.

"தோணிச்சு டீச்சர். கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் வெட்டினேன். தலை இல்லேன்னா கேக்க வேண்டியதில்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

டீச்சர் தலையசைத்தார். விடை சரி என்பதுபோல.

"அந்தப் படத்தைப் பாத்து நிறையப் பேருக்குத் தைரியம் வந்துச்சு" என்றாள் டெய்லரக்கா. சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் அது உண்மை. அதை அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? "நமக்கு மட்டும் இல்லைன்னு தெரிஞ்சு நிம்மதியா இருக்குன்னு ஒருத்தங்க எழுதினாங்க."

"அப்படியா?" டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ. இப்ப எனக்கே தெரியல. இனிமே தெரியவும் தெரியாது."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னாள் டெய்லரக்கா. டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. இரண்டையும் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளிடம்கூட, தப்பான விடையைப் பார்த்துப் பரவாயில்லை என்று சொல்கிறவர் இல்லை.

"அந்தப் பையனோட அம்மா யாருன்னு சொல்லுங்க."

டெய்லரக்கா சொன்னாள்.

"தெரியும். நல்லவங்க" என்றார் டீச்சர். "மீட்டிங் அன்னிக்கு நான் நாற்காலியை நகத்த மாட்டேன், போங்க." அவர் உதடு கொஞ்சம் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

பிறகு எழுந்தார். குடையை எடுக்கப் போகிறார் என்றுதான் டெய்லரக்கா நினைத்தாள். இனி இந்தப் படியில் அவர் கால் படாது என்று மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டாள். டீச்சர் குடைப் பக்கம் போகவில்லை. ஹேங்கரிலிருந்து நீலச் சட்டையை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"மேடை இருக்கே. போட்டுப் பாத்துடறேன்."

டெய்லரக்காவுக்கு உயிர் வந்தது. ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எப்போதும் அங்கேதான். டீச்சர் பனியனோடு நிற்பார், அவள் பின்னால் நின்று சட்டையை மாட்டி, முதுகில் கையை வைத்து, ஊசி குத்திச் சரிசெய்வாள். வீட்டில்கூட யாருக்கும் காட்டாததை இங்கே வெளிச்சத்தில் சாதாரணமாகக் காட்டிக்கொண்டு, பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வார்.

டீச்சர் கண்ணாடியைத் தாண்டிப் போனார். அறை மூலையில் புது ஆட்களுக்காகக் கட்டியிருந்த திரையை விலக்கி, உள்ளே போய், மூடிக்கொண்டார். வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது.

டெய்லரக்கா ஊசிப்பெட்டியோடு நின்றாள். திரை அசைந்தது. ஒரு கை மேலே போவதும் இறங்குவதும் துணியில் தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வலது பக்கம், தோளுக்குக் கீழ லேசா இழுக்குது" என்றது டீச்சரின் குரல் உள்ளிருந்து.

"எவ்வளவு டீச்சர்?"

எட்டாத இடத்தைக் கையால் துழாவிப் பார்க்கிறார் போலிருந்தது.

"ஒரு விரல் அளவு இருக்கும்."

திரையின் ஓரத்தில் சட்டையைப் பிடித்தபடி ஒரு கை வெளியே வந்தது. டெய்லரக்கா வாங்கிக்கொண்டாள். துணியில் இன்னும் உடம்புச் சூடு இருந்தது. மேஜை மேல் விரித்தாள், சாக்பீஸை எடுத்தாள். வேறு யாராவது விரல் அளவு என்று சொல்லியிருந்தால், யார் விரல், எந்த விரல் என்று அவளுக்கு வந்திருக்கும் கோபத்துக்கு ஆள் தாங்கியிருக்க மாட்டார். இப்போது கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தன் விரலையே துணியில் வைத்து, அதை ஒட்டிக் கோடு போட்டாள்.